விடைத்தாள் கட்டை என்ன செய்வது? புதிதாகப் பணிக்கு வரும் ஆசிரியருக்கு

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டுகள் மேசைக்கு வந்ததும் ஆசிரியர் அறையில் முதலில் எழும் கேள்வி, “ஒங்க கிளாஸ்ல எத்தன பெயிலு டீச்சரே?” என்பதுதான். பல வருடம் நானும் அந்தக் கேள்விக்குப் பதில் தயாரிக்கவே தாள் திருத்தினேன்.

பணியில் சேர்ந்த முதல் வருடம் அது. கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் தாலுகாவில் ஒரு நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு, 38 பிள்ளைகள். பின்னக் கூட்டலில் 1/2 + 1/3 கேட்டிருந்தேன். கட்டில் பாதிக்கு மேல் 2/5 என்று இருந்தது. மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டியிருந்தார்கள். சிவப்பு மையால் அடித்து, மதிப்பெண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். அரையாண்டில் எண்ணை மாற்றி அதே கணக்கைக் கேட்டால் அதே மாதிரி விடை, பெரும்பாலும் அதே கையெழுத்துகளில். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையை விடக் குறைந்துபோகுமா என்று ஒரு பிள்ளையிடம்கூட நான் கேட்டிருக்கவில்லை.

அந்தக் கட்டை அலமாரியில் வைத்துப் பூட்டாமல் அடுத்த வாரப் பாடத்துக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கணக்கு டீச்சர் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கணக்காகவே இருக்கும். தமிழ்க்காரர்களும் அறிவியல்காரர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்று. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். வெளி மாவட்டத்திலிருந்து இங்கே பணிக்கு வருகிறவர்கள் இதைக் கேள்விப்பட்டே வருகிறார்கள். இந்தப் பெருமையால் ஒரு சங்கடமும் உண்டு. ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால், அதை வாய்விட்டுச் சொல்ல இங்கே எல்லோருக்கும் கொஞ்சம் கூச்சம். முதல் வாரத்திலேயே அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள்.

எந்தத் தேர்வு எதற்கு

ஒரு வருடத்தில் உங்கள் வகுப்பு எழுதப்போகும் தேர்வுகள் பலவகை. எல்லாவற்றுக்கும் ஒரே பயன் கிடையாது.

எட்டாம் வகுப்பு வரை 2012-13 முதல் நடைமுறைக்கு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண். வளரறியில் ‘அ’ என்பது செயல்பாடுகள், 20 மதிப்பெண். ‘ஆ’ என்பது சிறுதேர்வுகள், 20 மதிப்பெண். உங்கள் கைக்கு உண்மையில் உதவும் கருவி இந்த வளரறி (ஆ) சிறுதேர்வுதான். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வருவதால், தவறு தெரிந்ததும் திருத்த நேரம் இருக்கிறது. தொகுத்தறித் தேர்வு வரும்போது பருவமே முடிந்துவிடுகிறது. வருத்தம் என்னவென்றால் பல பள்ளிகளில் அந்த 60-க்குக் கிடைக்கும் மரியாதை இந்த 20-க்குக் கிடைப்பதில்லை. பதிவேட்டை நிரப்புவதற்காகக் கடைசி வாரத்தில் நாலு சிறுதேர்வை ஒரே நாளில் வைத்து முடித்ததையும் பார்த்திருக்கிறேன்.

தொடக்கப் பள்ளிக்குப் போகிறவர்களுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ இருக்கிறது. 2022-ல் 1 முதல் 3 வரை தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் 4, 5-க்கும் விரிந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிரித்து, நிலைக்கேற்ற செயல்பாடு கொடுப்பதுதான் அதன் அடிப்படை. 2025-26-ல் 6 முதல் 9 வரை ‘திறன்’ என்ற பெயரில் தமிழ், ஆங்கிலம், கணக்கு அடிப்படைகளுக்கு இதே போன்ற ஏற்பாடு வந்தது: முதலில் ஒரு அடிப்படை மதிப்பீடு, பிறகு தேவைப்படுகிறவர்களுக்குத் தனிப் பயிற்சி.

மூன்றாவது வகை, சில பள்ளிகளை மட்டும் மாதிரியாகத் தேர்ந்தெடுத்து நடத்தும் கணக்கெடுப்புகள். 2021 நவம்பர் 12-ல் நாடு முழுக்க 3, 5, 8, 10 வகுப்புகளுக்கு தேசிய அடைவு ஆய்வு நடந்தது. 2024 டிசம்பர் 4-ல் 3, 6, 9 வகுப்புகளுக்கு ‘பரக்’ ஆய்வு நடந்தது. மாவட்டம் எங்கே நிற்கிறது, பயிற்சியை எதில் கூட்ட வேண்டும் என்று தேரூரில் இருக்கும் டயட்டும் (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) மாநில அலுவலகமும் முடிவெடுக்க இவை உதவும். உங்கள் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு என்ன வரவில்லை என்பதை இவை சொல்லாது. சொல்வதற்காக நடத்தப்படுவதும் இல்லை. ஆய்வுக்கு முன் ஒரு மாதம் பழைய வினாத்தாள்களைப் பிள்ளைகளிடம் எழுதித் தேய்க்கச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. காய்ச்சலைப் பார்க்கத் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் முக்கி வைப்பது போல அது.

படி 1: என்ன தெரிய வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சிறுதேர்வுக்கு எட்டுக் கேள்வி போதும், இருபது நிமிடம். ஒரு கேள்வி ஒரு திறனைத்தான் சோதிக்க வேண்டும். “ஒரு செவ்வகத் தோட்டத்தின் சுற்றளவைக் கண்டு, வேலி போட ஆகும் செலவில் 12 சதவீதம் தள்ளுபடி போக…” என்று கேட்டால், தவறு வரும்போது அது சுற்றளவிலா, பெருக்கலிலா, சதவீதத்திலா, வாசிப்பிலா என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட கேள்வி ஆண்டுத் தேர்வுக்கு இருக்கட்டும்.

அடுத்தது எண்ணைத் தேர்ந்தெடுப்பது. புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தசம எண்களில் “0.6, 0.45 இவற்றில் பெரியது எது?” என்று கேட்கிறீர்கள். 25 பேர் 0.6 என்று சரியாக எழுதிவிட்டார்கள். சந்தோஷப்பட அவசரம் வேண்டாம். தசமத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு விதமான தப்பு நம்பிக்கை உண்டு. ஒரு கூட்டத்துக்குப் புள்ளிக்குப் பின்னால் இலக்கம் நீளமாக இருந்தால் பெரிய எண்: 45 என்பது 6-ஐ விடப் பெரிது, ஆகவே 0.45. இவர்கள் உங்கள் கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள். இன்னொரு கூட்டம், நூறில் பங்கு பத்தில் பங்கை விடச் சிறியது என்று அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, இலக்கம் குறைவாக இருந்தாலே பெரிய எண் என்று நினைக்கும். அவர்களும் 0.6 என்றே எழுதுவார்கள். விடை சரி, காரணம் தப்பு. உங்கள் டிக் அந்தத் தப்பை உறுதியாக்கிவிடும்.

ஆகவே இரண்டாவது கேள்வியாக “0.3, 0.45 இவற்றில் பெரியது எது?” என்று கேளுங்கள். இங்கே நீளக் கூட்டம் தற்செயலாகச் சரியாக எழுதும். குட்டைக் கூட்டம் 0.3 என்று மாட்டும். இரண்டு கேள்விக்கும் சரியாக எழுதியவர்களைத்தான் இட மதிப்பு புரிந்தவர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம், அதுவும் ஓரளவுக்கு. இப்படி ஜோடியாகக் கேள்வி வைக்கப் பழகிவிட்டால், எட்டுக் கேள்வியில் முப்பது கேள்வியின் செய்தி கிடைக்கும்.

எண்களை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் கொஞ்சம் ஊர் தெரிந்திருப்பது நல்லது. குளச்சல் பக்கம் ஒரு பள்ளியில் 1.25 கிலோ, 1.3 கிலோ எது அதிகம் என்று தாளில் கேட்டபோது தவறாக எழுதிய பையன், இரண்டு பாரை மீனுக்கு எடை சொல்லிக் கேட்டதும் “ஒண்ணே முக்காலே மூணு வீசம்லாம் தெரியாது டீச்சரே, இது அம்பது கிராம் கூட” என்று பட்டென்று சொன்னான். கடற்கரை ஏலத்தில் நின்று பழகிய பிள்ளை. அவனுக்கு எடை தெரியும். தசமப் புள்ளி போட்ட எழுத்துதான் அந்நியம். இவனுக்கு நடத்த வேண்டிய பாடமும், எடையே பிடிபடாத பிள்ளைக்கு நடத்த வேண்டிய பாடமும் வேறு வேறு.

படி 2: தேர்வு நடத்தும் நாள்

இதில் சொல்ல அதிகம் இல்லை. “இதுக்கு மார்க் கிடையாது. எனக்கு எதைத் திரும்ப நடத்தணும்னு தெரியணும், அவ்வளவுதான்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். பதிவேட்டுக்கு மதிப்பெண் வேண்டியிருந்தால் அதற்கென வேறு சிறுதேர்வை எடுத்துக்கொள்ளலாம். மார்க் பயம் போனால் பார்த்து எழுதுவது பாதி நின்றுவிடும். பார்த்து எழுதிய தாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதுதான் தெரியும்.

வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குக் கணக்குக் கேள்வியை நீங்களே வாசித்துச் சொல்லுங்கள். கணக்கைச் சோதிக்கும்போது வாசிப்பு குறுக்கே வரக் கூடாது. தெரியாவிட்டால் இடத்தைக் காலியாக விடலாம் என்றும் சொல்லிவையுங்கள். மனம்போனபடி எழுதிய விடையை விடக் காலி இடம் எவ்வளவோ மேல்.

படி 3: மதிப்பெண்ணை மறந்துவிட்டுத் தவறுகளைப் பிரியுங்கள்

சீட்டுக் கட்டைப் பிரிப்பது போல. முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே விடை எழுதிய தாள்களை ஒரே அடுக்காக வையுங்கள். ஜூனில் ஆறாம் வகுப்பு 36 பிள்ளைகளுக்கு 403 − 158 கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுக்குகள் இப்படி வரலாம்: 245 என்று சரியாக 17 பேர், 355 என்று 9 பேர், 255 என்று 6 பேர், காலியாக 4 பேர்.

மதிப்பெண் பதிவேட்டில் இது “19 பேர் தவறு” என்ற ஒரே வரி. அடுக்கிப் பார்த்தால் மூன்று வேறு வேறு பிள்ளைக் கூட்டம். 355 எழுதியவர்கள் ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார்கள்: எட்டிலிருந்து மூன்று போக ஐந்து, ஐந்திலிருந்து பூஜ்யம் போக ஐந்து, நான்கிலிருந்து ஒன்று போக மூன்று. கடன் வாங்குவது என்ற எண்ணமே அவர்களிடம் இல்லை. 255 எழுதியவர்கள் கடன் வாங்கத் தெரிந்தவர்கள். நூறை உடைத்துப் பூஜ்யத்தைப் பத்தாக்கினார்கள், ஒன்றுகள் இடத்துக்கு ஒரு பத்தைக் கொடுத்தார்கள். ஆனால் கொடுத்த பிறகு அந்தப் பத்து ஒன்பதாகக் குறையும் என்பதை விட்டுவிட்டார்கள். இவர்கள் வாசல்படியில் நிற்கிறார்கள். இவர்களை முதல் கூட்டத்தோடு உட்கார வைத்து “கழித்தல்னா என்ன” என்று தொடங்கினால் அலுத்துப்போய் உள்ளதையும் மறப்பார்கள்.

கோடு போட்ட நோட்டில் இடப்பக்கம் பெயர், மேலே கேள்வி எண், கட்டத்துக்குள் சரிக்கு டிக், காலிக்குக் கோடு, தவறுக்குப் பெருக்கல் குறிக்குப் பதிலாக எழுதிய தவறான விடையையே எழுதிவையுங்கள். 355 என்று. இந்த ஒரு பழக்கம் போதும். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் பிள்ளை என்ன நினைத்தான் என்பது தெரியும். கட்டத்துக்குள் வெறும் ‘×’ இருந்தால் ஒன்றும் தெரியாது.

கைத்தவறும் புரியாமையும் ஒன்றாகத் தெரியலாம். ஒரே மாதிரித் தவறு ஒரே தாளில் இரண்டு மூன்று இடத்தில் வந்தால் அது புரியாமை. ஒரு இடத்தில் மட்டும் வந்து மற்ற இடத்தில் சரியாக இருந்தால் பெரும்பாலும் அவசரம்.

கேள்வியே பழுதா என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். மொத்தத்தில் நன்றாகச் செய்த பத்துப் பேர், திணறிய பத்துப் பேர் தாள்களை எடுத்து ஒவ்வொரு கேள்வியாக ஒப்பிடுங்கள். நன்றாகச் செய்தவர்கள் தவறவிட்டு, திணறியவர்கள் சரியாக எழுதிய கேள்வி இருந்தால், குற்றம் கேள்வியிடம்தான். இரு பொருள்பட எழுதியிருப்பீர்கள், அல்லது விடைக்குறிப்பே தப்பாக இருக்கும். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

படி 4: பிள்ளையிடம் கேளுங்கள்

அடுக்குக்கு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, “இதை எப்படி செஞ்ச மக்களே, எனக்குச் சொல்லித்தா” என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் போதும். “ஏன் தப்பா செஞ்ச?” என்று கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். சரியாக எழுதியவர்களிடமும் இடையிடையே கேளுங்கள். அப்போதுதான் டீச்சர் கூப்பிட்டாலே தப்பு என்ற பயம் வராது.

விளவங்கோடு பக்கம் வேலை பார்த்தபோது தமிழாசிரியர் ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். நாலாம் வகுப்பு, பத்தி வாசித்துப் பதில் எழுதுதல். “ஊருக்குள் வெள்ளம் வந்ததும் மக்கள் என்ன செய்தார்கள்?” பிள்ளையின் விடை: “குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.” சிரித்துவிட்டு அடிக்கப்போனவர், சந்தேகம் வந்து பிள்ளையைக் கேட்டிருக்கிறார். எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். “வெள்ளம் குடிச்சியா?” என்று கேட்டே வளர்ந்த பிள்ளை அது. குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தோடு ஓடாமல் வேறென்ன செய்வார்கள்? வாசித்திருக்கிறது, புரிந்திருக்கிறது, தன் ஊர்ச் சொல்லால் புரிந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தேவை ஒரே ஒரு சொல்லுக்கு விளக்கம். வாசிப்புத் திறன் குறைவு என்று குறித்து அரும்பு நிலைக்கு இறக்கியிருந்தால் ஒரு பருவம் வீணாகியிருக்கும்.

வெளி மாவட்டத்திலிருந்து வருகிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். மேற்கே போகப் போகப் பேச்சில் மலையாளத்தின் சாயல் கூடும். வீட்டுச் சொல்லை அப்படியே எழுத்தில் கொண்டுவரும் பிள்ளை ‘மழை’யை ‘மழ’ என்று எழுதும். அதுவும் திருத்த வேண்டியதுதான். ஆனால் எழுத்தே தெரியாத பிள்ளையின் தவறும் இதுவும் ஒரே அடுக்கில் சேராது.

படி 5: திங்கட்கிழமை என்ன நடத்துவது

நான் வைத்திருக்கும் கணக்கு இது. பாதிக்கு மேல் ஒரே தவறு என்றால் முழு வகுப்புக்கும் திரும்ப நடத்துகிறேன். அது என் நடத்துதலில் வந்த குறை. ஐந்து முதல் பதினைந்து பேர் என்றால் சிறு குழு. ஓரிருவர் என்றால் தனியாக, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் பத்து நிமிடம்.

திரும்ப நடத்துவது என்றால் அதே பாடத்தை அதே மாதிரி இன்னும் சத்தமாக நடத்துவது என்று ஒரு பழக்கம் இருக்கிறது. முதல் முறை போகாத வழியில் இரண்டாம் முறையும் போகாது. கரும்பலகையில் நடத்தியதை இந்த முறை கையில் கொடுத்து நடத்துங்கள்.

403 − 158-க்கு நான் எடுப்பது ஈர்க்கில், அதாவது தென்னங்குச்சி. பழைய வாரியல்களை (துடைப்பங்களை) பிரித்து ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாகக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டுவதைப் பிள்ளைகளே செய்வார்கள். பாதிப் பாடம் அதிலேயே நடந்துவிடும். பிள்ளை கையில் நாலு நூறு கட்டு, மூன்று உதிரி. “எனக்கு எட்டு உதிரி தா.” இல்லை. “என்கிட்ட இருக்கிறது எட்டு இல்ல, நான் கேக்கிறதுதான் எட்டு. உன் கையில மூணுதான் இருக்கு.” 355 கூட்டத்துக்கு இந்த இடம்தான் முக்கியம்; மூன்றிலிருந்து எட்டை அப்படியே எடுக்க முடியாது என்பது இங்கே கையில் தெரியும். பத்துக் கட்டைப் பிரிக்கலாம் என்றால் பத்துக் கட்டே இல்லை. ஒரு நூறைப் பிரிக்க வேண்டும். பத்துப் பத்துக் கட்டு வருகிறது. அதில் ஒன்றைப் பிரித்தால் உதிரி 13. “இப்போ பத்துக் கட்டு எத்தன இருக்கு?” எண்ணிவிட்டு “ஒம்பது” என்று சொல்லும்போது 255 கூட்டத்தில் யாராவது ஒரு பிள்ளை “அய்யோ” என்று தலையில் கைவைக்கும். அந்த அய்யோவுக்காகத்தான் இவ்வளவு வேலையும்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். பாடத்திட்டம் முடிக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், செயலியில் ஏற்ற வேண்டும். எல்லாம் உண்மை. வாரத்தில் ஒரு பீரியடைக் காலியாக வைத்துத்தான் நான் பாடக்குறிப்பே எழுதுகிறேன். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மழை விடுமுறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை என்று உள்ளூர் விடுமுறைகளும் உண்டு. வருடத் திட்டத்தில் இவற்றை ஜூனிலேயே குறித்துவிடுங்கள். இல்லையென்றால் திரும்ப நடத்த ஒதுக்கிய பீரியடைத்தான் முதலில் தியாகம் செய்வீர்கள்.

குழு பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. “அரும்பு பிள்ளைங்கல்லாம் இந்தப் பக்கம் வாங்க” என்று வகுப்பில் சத்தமாகச் சொல்லாதீர்கள். திட்டத்தில் அது ஒரு நிலையின் பெயர்; பிள்ளையின் காதில் அது பட்டப்பெயர். கழித்தலுக்கு ஒரு குழு, வாசிப்புக்கு வேறு குழு என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கட்டும். ஜூனில் போட்ட குழு பிப்ரவரியிலும் அப்படியே இருந்தால் நடுவில் யாரும் விடைத்தாள் பார்க்கவில்லை என்று பொருள். நன்றாகப் படிக்கும் பிள்ளையைத் தினமும் குட்டி டீச்சராக உட்கார வைப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்கும் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும்.

படி 6: தாளைத் திருப்பிக் கொடுத்தல்

1988-ல் இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு பிரிவுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவதற்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். அடுத்த வேலையில் முன்னேறியது குறிப்பு மட்டும் பெற்ற பிரிவு. இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே முன்னேறவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்ததும் பிள்ளை பக்கத்துத் தாளைத்தான் எட்டிப் பார்க்கிறது, கீழே எழுதியதை வாசிப்பதில்லை. வகுப்பில் நின்ற யாருக்கும் இது தெரிந்ததுதான்.

குறிப்பு என்றால் “நன்று”, “இன்னும் முயற்சி செய்” கிடையாது. “பத்துகள் இடத்தை மறுபடி எண்ணிப் பார்”, “0.3-ஐ 0.30 என்று எழுதிப் பார்” என்று பிள்ளை செய்யக்கூடிய ஒரு வேலையாக எழுதுங்கள். 36 தாளுக்கும் எழுத நேரம் இல்லையென்றால் அடுக்குக்கு ஒரு குறியீடு: ‘அ’ போட்ட தாளுக்குப் பலகையில் ‘அ’ வேலை, ‘ஆ’ போட்டதற்கு ‘ஆ’ வேலை. தாளைக் கொடுத்ததும் அந்த பீரியடிலேயே பத்து நிமிடம் ஒதுக்கித் திருத்த வையுங்கள். வீட்டில் திருத்திக்கொண்டு வா என்று சொன்னால் தாள் பைக்குள் போகும், அதற்கப்புறம் கப்பலாகும்.

படி 7: பத்து நாள் கழித்து

நடத்திய அன்றே கேட்டால் எல்லோரும் சரியாகத்தான் செய்வார்கள். அதை நம்பி அடுத்த பாடத்துக்குப் போய் நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன். பத்து நாள் இடைவெளி விட்டு, அதே திறனில் வேறு எண்களோடு நாலு கேள்வி கொடுங்கள். 403-க்குப் பதிலாக 600 − 247, 5002 − 1345 போல. நோட்டில் பழைய கட்டத்துக்குப் பக்கத்திலேயே புதிய விடையை எழுதுங்கள். 355 எழுதிய பிள்ளை இப்போது 255 மாதிரித் தவறு செய்தால் அது தோல்வி ஆகாது, முன்னேற்றம். மதிப்பெண்ணில் இரண்டுமே பூஜ்யம், அவ்வளவுதான். இரண்டு முறை வேறு வழியில் நடத்தியும் இம்மி அசையாத பிள்ளை இருந்தால் கண், காது பார்த்தீர்களா என்று யோசியுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமும் சொல்லுங்கள். கரும்பலகை தெரியாமலே நாலு வருடம் “மெல்லக் கற்போர்” பட்டியலில் இருந்த ஒரு பெண் பிள்ளையை எனக்குத் தெரியும்.

வீட்டாரிடம் சொல்லும்போது

பெற்றோரைக் கூப்பிடும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் அப்பாக்களைப் பார்க்க அதுதான் நேரம். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, அங்கே தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பள்ளி திறந்ததும் கூப்பிட்டுவிட வேண்டும். ரப்பர் தோட்டத்துப் பக்கம் பால் வெட்டும் வீடுகளுக்குக் காலை பத்து மணிக் கூட்டம் சரிப்படாது, மாலையில் வையுங்கள்.

ரேங்க் சொல்லாதீர்கள். தாளைக் காட்டுங்கள். ஒரு அம்மா கேட்டார்: “எனக்க பயலுக்குக் கணக்கு ஏறவே ஏறாதா டீச்சரே?”

“அப்படி இல்லக்கா. கூட்டல், பெருக்கல் எல்லாம் நல்லா செய்யுதான். நடுவுல பூஜ்யம் வந்தா மட்டும் தடுமாறுதான். இந்தா பாருங்க.”

“அதுக்கு நான் என்ன செய்யணும்? எனக்குப் படிப்பு கிடையாதே.”

“கடைக்கு விடுவீங்கல்லா? நூறு ரூவா குடுத்துட்டு, சாமான் வாங்கிட்டு வந்ததும் மிச்சம் எப்படி இவ்வளவு வந்துதுன்னு அவனையே சொல்லச் சொல்லுங்க. அது போதும்.”

அவர் எழுந்து போகும்போது கையில் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. “கணக்கில் 32, கவனம் தேவை” என்று முன்னேற்ற அட்டையில் எழுதியிருந்தால் வீட்டில் ஒரு அடிதான் விழுந்திருக்கும்.

தலைமையாசிரியர் சராசரி கேட்பார், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களெல்லாம் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சதவீதம் கேட்பார்கள். கொடுங்கள், அது அவர்கள் வேலைக்கு வேண்டும். கொடுத்த கையோடு, “36-ல் 9 பேர் கடன் வாங்கிக் கழிக்கவில்லை, இந்த மாதம் அதை எடுக்கிறேன்” என்று ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள்.

ஏப்ரலில்

ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு செய்ய ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அந்த நோட்டிலிருந்து இரண்டு பக்கம் எழுதி, அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி: எது உறுதியாக வந்திருக்கிறது, எங்கே நிற்கிறது, எந்த வழியில் நடத்தினால் பிடித்துக்கொள்கிறது. “ஈர்க்கில் வைத்தால் செய்கிறான், எழுத்தில் இன்னும் தடுமாறுகிறான்” என்ற அளவில் இருந்தால் போதும். “சேட்டை”, “சோம்பேறி” போன்றவற்றை அதில் எழுத வேண்டாம். அதை அவர் தானே கண்டுபிடித்துக்கொள்வார். மாறுதல் கலந்தாய்வில் உங்களுக்கே வேறு ஊர் கிடைத்துவிட்டால், தாளைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, எந்த அலமாரியில் வைக்கிறார் என்பதையும் பார்த்துவிட்டுப் போங்கள்.